திருத்தக் குழுவிடம் நெகேபா சொன்னது

நாற்பத்தோராம் பக்கத்துச் சொல் தப்பு என்கிறீர்கள்.
உட்காருங்கள், கிழங்கு இன்னும் வேகவில்லை.
அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்த வீடு இதுதான்.

ஷூர்ட் வியர்ஸ்மா என்று
உங்கள் தாளில் இருக்கிறது பெயர்.
எங்கள் நாக்கு அதற்கு மடங்கவில்லை.
'சுர்ரு' என்றோம்.
மழைக்காலத் தவளை அப்படித்தான் கூப்பிடும்.
அவரும் திரும்பிப் பார்த்தார்.

யலேம் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
பன்றிக் கொட்டிலை ஒட்டி ஒரு குடிசை.
தகரப்பெட்டி இரண்டு, மனைவி ஒருத்தி,
ஓயாத கேள்வி.
இது என்ன, அது என்ன,
இதைச் செய்யாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்.
சொல்லுக்கு ஒரு சிட்டிகை உப்பு கூலி.
எனக்குப் பத்து வயதிருக்கும்.
உப்புக்காக, இல்லாத சொற்களையும் விற்றிருக்கிறேன்.
அகராதியில் மூன்று இன்னும் இருக்கின்றன.
எவை என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பேச்சில் குரல் ஏறினால் அப்பா,
இறங்கினால் கிழங்குப் பாத்தி.
இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு
'வானத்தில் இருக்கும் எங்கள் கிழங்குப் பாத்தியே'
என்று உருகினார் மனிதர்.
யாரும் சிரிக்கவில்லை.
வானத்தில் ஒரு பாத்தி என்றால்
வேண்டாம் என்று யார் சொல்வார்?

அப்புறம் மணல்வாரி.
அவர் பெட்டியில் வந்ததா,
உப்பு மூட்டையோடு விமானத்தில் இறங்கியதா,
தெரியாது. அவர் வருமுன் இல்லை, வந்தபின் இருந்தது.
முப்பத்தேழு பேர்.
அதில் இரண்டு என் தம்பிகள்.
அவர் மனைவி திரைன் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தாள்.
அவர் விறகு சுமந்தார்.
சிதைகளுக்கு முன்னால்
ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை.
என் மாமன் வாபிலெக்
அவர் மார்புக்கு நேரே வில்லை வளைத்தான்.
அவர் நகரவில்லை.
மாமன் அம்பை விடவுமில்லை, மன்னிக்கவுமில்லை.
சாகும்வரை அந்தக் குடிசையைச் சுற்றிக்கொண்டுதான் ஆற்றுக்குப் போனான்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓராண்டு ஞாயிற்றுக்கிழமையே வரவில்லை.
மணி துருப்பிடித்தது.
அவர் வேலி கட்டினார், பாத்தி வெட்டினார்,
இரண்டையும் மோசமாக.

பிறகு ஒரு மாலை நோட்டோடு வந்து நின்றார்.
'தகுதி இல்லாதவனுக்கு
கேட்காமலே வந்து சேரும் நன்மை.
அதற்கு உங்களிடம் என்ன சொல்?'
இல்லை என்றேன்.
பன்றிக்குப் பன்றி, சாவுக்குச் சாவு.
எல்லாவற்றுக்கும் எங்களிடம் கணக்கு உண்டு.
உப்பு டப்பாவை நீட்டினார்.
அன்றைக்கு நான் வாங்கவில்லை.

அந்த வாரம் பன்றி சுட்டோம்.
எல்லாருக்கும் பங்கிட்டபின்
அம்மா ஒரு துண்டை வாழையிலையில் பொதிந்து
அடுப்புக்கு மேல் பரணில் செருகினாள்.
'அது யாருக்கு?'
'ஓமெல்' என்றாள்.
வராதவனுக்கு எடுத்துவைக்கிற பங்கு.
வழியில் இருப்பான், கோபத்தில் இருப்பான்,
சொன்ன சொல்லை மீறி ஒளிந்திருப்பான்.
எவனாக இருந்தாலும் அவன் பங்கு அவன் பங்கு.
'போன வருஷம் முழுக்க
உனக்கும் வைத்தேன்,' என்றாள் அம்மா.
'நாய் தின்றது.'

மூன்று முறை சொல்லச் சொன்னார்.
பென்சில் முனை ஒடிந்தது.
கத்தியால் சீவிக்கொண்டு
மறுபடி எழுதினார்.

அவர் தன் ஊரில் பனிக்காலத்தில் இறந்தாராம்.
மண்ணெண்ணெய் விலையைச் சொன்ன அதே வாயால்
ரேடியோ அதையும் சொன்னது.

இப்போது நீங்கள் வந்து
அந்தச் சொல்லில் பன்றிக் கொழுப்பு நாறுகிறது,
தலைநகரத்துச் சொல்தான் சுத்தம் என்கிறீர்கள்.
மாற்றுங்கள். தாள் உங்களுடையது.
பாதிரியார் அதைப் படிக்கும்போது
நாங்கள் மரியாதையாகத் தலையாட்டுவோம்,
கிழங்குப் பாத்திக்கு ஆட்டியது போல.

வெந்துவிட்டது, கையைக் கழுவுங்கள்.
நாலு பேர் என்றார்கள், மூவர்தான் வந்திருக்கிறீர்கள்.
கொஞ்சம் நகருங்கள்,
அந்தப் பரண் எனக்கு எட்ட வேண்டும்.